பெரிய கறுப்பு வெள்ளைப் பிரிண்டுக்கு எந்த ஃபிலிம் ஸ்கேனர்?

கேள்வியின் சாரம் இது. 35 மி.மீ. ஃபிலிமிலும் 120 ஃபிலிமின் 6×7 செ.மீ. அளவிலும் எடுத்த கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் கையில் இருக்கின்றன. எப்சன் வி700 பிளாட்பெட் ஸ்கேனர், அதாவது தட்டையான கண்ணாடிமேல் வைத்து ஸ்கேன் செய்யும் கருவி ஒன்றும் இருக்கிறது. 20×24 அங்குலத்தில் பல பிரிண்டுகளும் 30×40 அங்குலத்தில் சிலவும் போட வேண்டும். ஃபிலிமுக்கென்றே வந்த பழைய நிகான் கூல்ஸ்கேன் 9000 ஸ்கேனர் ஒன்றைத் தேடி வாங்குவதா, வேறு வழி உண்டா?

எந்தக் கருவியின் பெயரையும் எடுப்பதற்கு முன்னால் ஒரு சிறிய கணக்கைப் போட்டுவிடுவது நல்லது. பிரிண்டின் அளவை நெகட்டிவின் அளவால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கிறது. அதைப் பிரிண்டில் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் வேண்டும் என்ற எண்ணால் பெருக்கினால், ஸ்கேனர் உண்மையிலேயே தரவேண்டிய பிரிதிறன் பிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை பிக்சல்) கணக்கில் கிடைத்துவிடும். 6×7 என்று சொல்லப்படும் நெகட்டிவின் படப்பகுதி ஏறத்தாழ 56×69 மி.மீ. அதை 20×24 அங்குலத்துக்குப் பெரிதாக்குவது சுமார் 9 மடங்கு. பிரிண்டில் 300 பிபிஐ வேண்டுமென்றால் ஸ்கேனர் 2,700 பிபிஐ தரவேண்டும். 240 போதுமென்றால் 2,200 போதும். அதே நெகட்டிவ் 30×40 அங்குலத்தை நிரப்ப வேண்டுமானால் உருப்பெருக்கம் 14.7 மடங்காகிறது, அங்கே 240-க்கு 3,500 பிபிஐ வேண்டும். 35 மி.மீ. நெகட்டிவின் குறுகிய பக்கம் வெறும் 24 மி.மீ. என்பதால், அதை 20 அங்குலமாக்குவதே 21 மடங்கு. 300 என்று பிடிவாதம் பிடித்தால் 6,300-க்கு மேல் போய்விடும், 200-க்கு இறங்கினாலும் 4,200 வேண்டும்.

இதில் 300 என்பது பிரிண்டைக் கையில் பிடித்து ஒரு சாண் தள்ளிப் பார்க்கும் கண்ணுக்கான எண். சுவரில் மாட்டிய 30×40 அங்குலப் படத்தை ஒரு மீட்டருக்கும் அப்பால் நின்று பார்க்கிறவருக்கு 180 பிபிஐ-யே தாராளம். சக புகைப்படக்காரர்கள் மட்டும் படத்தில் மூக்கு இடிக்கும் தூரத்துக்கு வந்து நிற்பார்கள் என்பதால் நான் 240-ஐக் குறியாக வைத்துக்கொள்கிறேன்.

அடுத்து, பெட்டியில் அச்சிட்ட எண்ணுக்கும் கருவி உண்மையில் பிரித்துக் காட்டும் நுணுக்கத்துக்கும் உள்ள இடைவெளி. வி700, வி850 போன்ற பிளாட்பெட்களில் 6,400 என்று போட்டிருக்கும். சென்சார் அத்தனை முறை மாதிரி எடுக்கிறது என்பது பொய்யல்ல. ஆனால் முன்னால் இருக்கும் லென்ஸும் கண்ணாடிப் பரப்பும் அத்தனை நுணுக்கத்தைச் சென்சாரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. யுஎஸ்ஏஎஃப் 1951 என்ற கோட்டுச் சோதனைப் பலகையை வைத்து அளந்தால் இந்த வகைக் கருவிகள், எல்லாம் சரியாகப் பொருந்திய நிலையில், 2,300 பிபிஐ-க்குச் சற்று அப்பால் இப்பால் நிற்கின்றன. பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் 8200 போன்ற 35 மி.மீ. கருவிகள் 7,200 என்று விளம்பரம் செய்துகொண்டு அதில் பாதியளவைத் தருகின்றன. கூல்ஸ்கேன் 9000 மட்டும் 4,000 என்று சொல்லிவிட்டு ஏறத்தாழ அதையே தருகிற நேர்மையான கருவி. அதன் பெயர் இன்னும் நிலைப்பதற்கு அதுவே முதல் காரணம்.

ஆகவே, 6×7 நெகட்டிவிலிருந்து 20×24 போடுவதற்கு உங்களிடம் இருக்கும் பிளாட்பெட்டே எல்லைக்கோட்டில் போதுமானது. 30×40-க்குப் போதாது, 35 மி.மீ.க்கு எந்தப் பெரிய அளவுக்கும் போதாது. உங்கள் முடிவு பெரும்பாலும் இந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிடுகிறது என்றாலும், கறுப்பு வெள்ளைக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கினால் விலை உயர்ந்த கருவியும் ஏமாற்றத்தான் செய்யும்.

முதலாவது கிரெயின், அதாவது படத்தில் தெரியும் துகள்தன்மை. கையில் பிடித்த கேமராவில் 400 வேக ஃபிலிமில் எடுத்த படம் ஒன்றில், காட்சியின் விவரம் பெரும்பாலும் மில்லிமீட்டருக்கு 50 கோட்டு இணைகளோடு (ஒரு கறுப்புக் கோடும் ஒரு வெள்ளைக் கோடும் ஓர் இணை) நின்றுவிடும். அதைப் பிடிக்க மில்லிமீட்டருக்கு 100 பிக்சல், அதாவது 2,540 உண்மையான பிபிஐ போதும். அப்படியானால் 4,000-க்கும் அதற்கு மேலும் எதற்கு என்று கேட்கலாம். விவரத்துக்காக அல்ல, கிரெயினுக்காக. வெள்ளித் துகள்களின் திரட்சி விவரத்தைவிட நுண்ணியது. அது கூர்மையாகப் பதிவாகும்போது பெரிய பிரிண்டில் மணல் பரப்பியதுபோன்ற உறுதியான அமைப்பாகத் தெரிகிறது, கண்ணும் அந்தக் கூர்மையைப் படத்தின் கூர்மையாகவே எடுத்துக்கொள்கிறது. லென்ஸ் மழுங்கி அது பாதி மட்டும் பதிவானால், பிறகு மென்பொருளில் எவ்வளவு ஷார்ப்பனிங் செய்தாலும் கஞ்சியில் மிதக்கும் நொய்போலத்தான் இருக்கும்.

இதற்கு நேர்மாறான கேடும் உண்டு. கூர்மையான லென்ஸ் கொண்ட கருவியில் 2,000 முதல் 3,000 பிபிஐ வரையிலான குறைந்த அடர்வில் ஸ்கேன் செய்தால், மாதிரி எடுக்கும் இடைவெளியும் துகள் திரட்சியின் அளவும் நெருங்கிவந்து, பிடிபடாத நுண்மை மடிந்து திரும்பி, நெகட்டிவில் இல்லாத பருத்த கிரெயினாகப் படத்தில் குடியேறும். வானம் முழுக்க அம்மைத் தழும்பு விழுந்ததுபோல இருப்பதைப் பார்த்துவிட்டு ஃபிலிமைக் கழுவும் ரசாயனமான டெவலப்பரைக் குறை சொன்னவர்கள் பலர். கருவி தரும் முழு அடர்வில் ஸ்கேன் செய்து, பிறகு மென்பொருளில் தேவையான அளவுக்குக் குறைப்பதே பரிகாரம். கோப்பு பெரிதாகும் என்பது உண்மை. 6×7 நெகட்டிவை 4,000 பிபிஐ-யில் 16 பிட் சாம்பல் படமாக எடுத்தால் 190 மெகாபைட்டைத் தாண்டும். இன்றைய கணினிக்கு அது ஒரு சுமையே அல்ல.

கிரெயினின் தோற்றத்தை ஒளியும் தீர்மானிக்கிறது. இருட்டறையில் படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர்களில், ஒளியை ஒரே திசையில் பாய்ச்சும் கண்டென்சர் வகையையும் பரவல் ஒளி வகையையும் பயன்படுத்தியவர்களுக்கு இது பழகிய செய்தி. வெள்ளித் துகள்கள் ஒளியைத் தடுப்பதோடு சிதறவும் அடிக்கின்றன. ஒரே திசையில் பாயும் ஒளியில் சிதறிய பங்கு லென்ஸை வந்தடையாமல் போவதால், அடர்ந்த பகுதிகள் இன்னும் அடர்ந்தவையாகத் தோன்றி, காண்ட்ராஸ்ட் ஏறி, கிரெயினும் கீறலும் துலக்கமாகின்றன. காலியே விளைவு என்று இதற்குப் பெயர். வண்ண ஃபிலிமின் சாயம் ஒளியை அவ்வளவாகச் சிதறடிப்பதில்லை என்பதால் இது முதன்மையாகக் கறுப்பு வெள்ளைக்காரர்களின் தலைவலி. எல்இடி ஒளி கொண்ட கூல்ஸ்கேன் வரிசை கண்டென்சர் என்லார்ஜரின் குணத்துக்கு நெருக்கமானது; கூர்மை அபாரமாக இருக்கும், ஒவ்வொரு கீறலும் ஒவ்வொரு தூசியும்கூட அதே அபாரத்தோடு தெரியும். பிளாட்பெட்டின் பரந்த ஒளி மென்மையானது. மென்மையான கிரெயினை விரும்புகிறவர் நிகானை வாங்கிவிட்டு வருந்துவதையும் கண்டிருக்கிறேன்.

தூசியைப் பற்றிய பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அகச்சிவப்புக் கதிரைக் கொண்டு தூசியையும் கீறலையும் தானாக நீக்கும் டிஜிட்டல் ஐஸ் போன்ற வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். வண்ணச் சாயம் அகச்சிவப்பைக் கடக்க விடும், வெள்ளி விடாது. அதனால் கருவி படத்தையே தூசி என்று எண்ணி அழிக்கப் புறப்படும். வண்ண ஃபிலிமுக்கான ரசாயனத்தில் கழுவப்படும் இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 போன்ற ஃபிலிமில் இறுதிப் படம் சாயத்தால் ஆனது என்பதால் அங்கு மட்டும் இது வேலை செய்யும். மற்றவற்றுக்கு ஊதுபந்து, நுண்ணிழைத் தூரிகை, பொறுமை.

எவ்வளவு கருத்த ஃபிலிமையும் ஊடுருவிப் படிக்கும் என்பதற்கான அளவாக, அடர்த்தி வரம்பு 4.0 என்று முழங்கும் விளம்பரங்களையும் கறுப்பு வெள்ளைக்காரர் கடந்துபோகலாம். நேர்ப்படமாகவே கழுவப்படும் ஸ்லைடு ஃபிலிமின் கருமை 3-ஐத் தாண்டும் என்பதால் அந்த எண் அங்கே முக்கியம். ஒழுங்காகக் கழுவிய கறுப்பு வெள்ளை நெகட்டிவின் மிக அடர்ந்த பயன்படு பகுதி 2-ஐத் தாண்டுவது அரிது. எந்தக் கருவியும் அதை ஊடுருவும். ஆனால் ஒரு நுட்பம் இருக்கிறது. நெகட்டிவில் அடர்ந்திருப்பது வெளிச்சப் பகுதி. ஸ்கேனரின் இரைச்சல் அடர்ந்த இடத்தில்தான் சேரும். ஆகவே ஸ்லைடில் நிழலுக்குள் ஒளிந்துகொள்ளும் குறை, நெகட்டிவில் மேகத்திலும் வெயில் பட்ட கன்னத்திலும் வந்து உட்காரும். அதிகம் டெவலப் ஆன நெகட்டிவ்கள் உங்களிடம் நிறைய இருந்தால், ஒரே வரியைப் பலமுறை படித்துச் சராசரி எடுக்கும் வசதி உள்ள கருவி உதவும். இனி எடுக்கப்போகும் ஃபிலிமைச் சற்று மென்மையாகக் கழுவுவது அதைவிடச் சிக்கனமான வழி.

இப்போது யாரும் விளம்பரம் செய்யாத, ஆனால் என் கணிப்பில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்: ஃபிலிம் தட்டையாக, சரியான உயரத்தில் கிடக்கிறதா என்பது. உங்கள் பிளாட்பெட்டில் ஃபோகஸ் நிலையானது. கண்ணாடிக்குச் சில மில்லிமீட்டர் மேலே ஒரு தளத்தில் மட்டும் அது கூர்மையாகப் பார்க்கும், அந்தத் தளமும் கருவிக்குக் கருவி சற்று மாறும். ஃபிலிமைப் பிடித்துவைக்கும் ஹோல்டரின் உயரத்தைச் சிறு சிறு படிகளாக மாற்றி, தேவையானால் கால்களின் அடியில் மெல்லிய அட்டை வைத்து, ஒரே நெகட்டிவைத் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்து கிரெயினை ஒப்பிட்டுப் பார்த்தால், உங்கள் கருவிக்குரிய உயரம் ஒரு மாலைப் பொழுதில் தெரிந்துவிடும். நான் அதைச் செய்யாமல் ஏறத்தாழ இரண்டு வருடங்கள் மழுங்கிய ஸ்கேன்களை எடுத்துக்கொண்டு, கேமராவின் லென்ஸ்மீது பழிபோட்டுத் திரிந்தேன். உயரத்தைச் சரிசெய்த அன்றுதான் அந்த லென்ஸ் குற்றமற்றது என்று தெரிந்தது.

கூல்ஸ்கேன் 9000-க்குத் தானியங்கி ஃபோகஸ் உண்டு. ஆனால் அதன் லென்ஸுக்குத் தெளிவு ஆழம், அதாவது ஃபிலிம் முன்பின் நகர்ந்தாலும் கூர்மை கெடாத வரம்பு, மிகக் குறைவு. 120 ஃபிலிம் கண்ணாடியில்லாத ஹோல்டரில் சற்றே வளைந்தாலும் நடுவில் கிரெயின் கொத்திவைத்தாற்போல் இருக்க, ஓரங்கள் கரைந்துபோகும். அதற்கென்று வந்த கண்ணாடி ஹோல்டர் இல்லாமல் அந்தக் கருவியை வாங்குவது, 6×7-ஐப் பொறுத்தவரை, பாதிக் கருவியை வாங்குவதாகும்; பழைய சந்தையில் வரும் பல கருவிகளோடு அது வருவதில்லை. கண்ணாடி வைத்தால் நியூட்டன் வளையங்கள் என்ற வேறொரு தொல்லை வரும்: ஃபிலிமின் வழவழப்பான பின்புறம் வழவழப்பான கண்ணாடியைத் தொடும் இடத்தில் எண்ணெய் சிந்தியதுபோன்ற கோடுகள் விழும். நுண்ணிய சொரசொரப்பு ஏற்றிய கண்ணாடி அதைத் தடுக்கும். ஃபிலிமுக்கும் கண்ணாடிக்கும் இடையே அதற்கென உள்ள திரவத்தை நிரப்பி ஒட்டும் ஈர முறை இன்னும் சிறந்தது. வளையம் போய்விடும், ஃபிலிம் தட்டையாகிவிடும், பின்புறத்தில் உள்ள மெல்லிய கீறல்களையும் திரவம் நிரப்பிவிடும். கைவேலை அதிகம் என்பதால் முப்பது நெகட்டிவுக்கு இதைச் செய்ய மாட்டீர்கள், மூன்றுக்குச் செய்யலாம்.

டிரம் ஸ்கேனர் இதே ஈர முறையில்தான் இயங்குகிறது. ஃபிலிமை ஒளிபுகும் உருளையில் ஒட்டிச் சுழற்றி, புள்ளி புள்ளியாக ஒளிப்பெருக்கிக் குழாயால் படிக்கிறது. புள்ளியின் துளையளவை ஃபிலிமின் கிரெயினுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்பது கறுப்பு வெள்ளைக்கு அது தரும் தனிச்சலுகை. ஓரம் முதல் ஓரம் வரை ஒரே கூர்மை. ஆனால் கருவிகள் பழையவை, பாரமானவை, பழைய கணினிகளையே நம்பியிருப்பவை. சொந்தமாக வைத்துக்கொள்வது ஒரு வாகனத்தைப் பழுதுபார்த்துக்கொண்டே ஓட்டுவதைப் போன்றது. ஸ்கேன் செய்து தருகிற இடத்துக்கு அனுப்புவதே விவேகம். ஹாசல்பிளாட் ஃப்ளெக்ஸ்டைட் எக்ஸ்5, கண்ணாடியே இல்லாமல் ஃபிலிமை வில்லாக வளைத்துப் பிடித்து, அந்த வளைவின் உச்சிக்கோட்டை மட்டும் படிக்கும் புத்திசாலித்தனமான கருவி. 35 மி.மீ.க்கு அது 8,000 பிபிஐ தருகிறது, 120-க்கு 3,200. கவனியுங்கள்: அகலம் கூடக்கூட அதன் அடர்வு குறைகிறது. 6×7-ஐப் பொறுத்தவரை அது நிகானைவிடக் குறைந்த எண். படம் அழகாக இருக்கும் என்பதில் ஐயமில்லை. உற்பத்தி நின்றுபோன கருவி என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இன்றைக்குப் புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் முதலில் சொல்வது, நெகட்டிவை ஒளிப்பலகையில் வைத்து, டிஜிட்டல் கேமராவாலும் மிக அருகில் படமெடுக்கும் நல்ல மேக்ரோ லென்ஸாலும் படமெடுப்பதைத்தான். சென்சார் 35 மி.மீ. நெகட்டிவின் அளவே உள்ள 24 மெகாபிக்சல் முழுச்சட்டகக் கேமரா அந்த நெகட்டிவை ஒன்றுக்கு ஒன்று அளவில் எடுத்தால் 6,000 பிக்சல் 36 மில்லிமீட்டருக்குப் பரவுகிறது; அதாவது சுமார் 4,200 பிபிஐ. 61 மெகாபிக்சல் கேமராவில் 6,700. சென்சாரின் வண்ண வடிகட்டியால் சிறிது கழிந்தாலும், பிளாட்பெட்டோடு ஒப்பிட இடமில்லாத அளவுக்கு இது மேல். 6×7-ஐ ஒரே படமாக எடுத்தால் 24 மெகாபிக்சல் கேமராவில் 1,800 பிபிஐ-தான் கிடைக்கும். 61-இல் 2,900 வரை. நெகட்டிவை நகர்த்தி எட்டுத் துண்டுகளாக ஒன்றுக்கு ஒன்று அளவில் எடுத்து இணைத்தால் 24 மெகாபிக்சலிலேயே 4,200-ஐ எட்டலாம். வானமோ பனிமூட்டமோ நிறைந்த படத்தில் இணைக்கும் மென்பொருள் பற்றுக்கோடு இல்லாமல் தடுமாறும் என்பதை மட்டும் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

கேமரா வழியில் தவறுகிற இடங்கள் மூன்று. சென்சாரும் ஃபிலிமும் இணையாக இல்லாமை முதலாவது. ஃபிலிம் இருக்கும் இடத்தில் சிறிய முகம்பார்க்கும் கண்ணாடியை வைத்து, லென்ஸின் பிம்பம் நட்டநடுவில் விழும்வரை திருத்தினால் அது தீரும். இரண்டாவது, லென்ஸின் துளையைத் தேவைக்கு மேல் சுருக்குவது. ஒன்றுக்கு ஒன்று அளவில் எஃப் 8 என்று வைத்தால் விளைவு எஃப் 16 வைத்ததைப் போன்றது. சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவது கிரெயினைத் தின்றுவிடும். எஃப் 5.6-க்கு அருகில் நில்லுங்கள், தட்டையான ஃபிலிமுக்கு அது போதும். மூன்றாவது, ஃபிலிமைச் சுற்றிக் கசியும் ஒளி; ஒளிப்பலகையில் நெகட்டிவ் தவிர்ந்த இடத்தையெல்லாம் கறுப்பு அட்டையால் மூடுங்கள்.

எந்தக் கருவியானாலும் 16 பிட்டில் எடுங்கள். நெகட்டிவின் அடர்த்தி வரம்பு சிறியது. அதைப் பிரிண்டுக்காக இழுத்து விரிக்கும்போது 8 பிட்டின் 256 படிகள் வானத்தில் வரிவரியாகப் பிரிந்து தெரியும். ஸ்கேனரின் தானியங்கித் திருத்தங்களை அணைத்துவிட்டு, நெகட்டிவையே பாசிட்டிவ் போல நேராகப் பதிவுசெய்து, மென்பொருளில் நீங்களே தலைகீழாக்குவது வெளிச்சப் பகுதியைக் காப்பாற்றும். வண்ண முறையில் ஸ்கேன் செய்து பச்சை அலைவரிசையை மட்டும் எடுத்துக்கொள்வது பல கருவிகளில் கூடுதல் கூர்மை தருகிறது. பைரோ வகை டெவலப்பரில் கழுவிய நெகட்டிவில் மஞ்சள் கலந்த கறை இருக்கும். அங்கே நீல அலைவரிசை காண்ட்ராஸ்டைக் கூட்டிக்காட்டும் என்பதால் மூன்றையும் தனித்தனியே பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

உங்களுக்கான என் பரிந்துரை இது. பிளாட்பெட்டை விற்காதீர்கள், ஹோல்டரின் உயரத்தைச் சரிசெய்து, ஃபிலிமைத் தட்டையாக்கச் சொரசொரப்பு ஏற்றிய கண்ணாடி ஒன்றைச் சேர்த்து, 6×7-இலிருந்து 20×24 போட அதையே பயன்படுத்துங்கள். 35 மி.மீ. நெகட்டிவ்களுக்குக் கேமரா வழியை அமைத்துக்கொள்ளுங்கள். 30×40-க்குத் தேர்ந்தெடுக்கும் சில படங்களை மட்டும் டிரம் ஸ்கேனுக்கு அனுப்புங்கள். நூற்றுக்கணக்கான 6×7 நெகட்டிவ்களைப் பெரிய அளவுக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் மட்டும் கூல்ஸ்கேன் 9000 பொருள் உள்ள தேர்வு. அப்போதும் கண்ணாடி ஹோல்டர் உண்டா, ஃபயர்வயர் என்ற பழைய கம்பி இணைப்பை ஏற்கும் கணினி உங்களிடம் உண்டா, உள்ளே ஒளியைத் திருப்பும் பிரதிபலிப்புக் கண்ணாடியில் தூசி படியாமல் இருக்கிறதா என்ற மூன்றையும் பார்க்காமல் வாங்கக் கூடாது. உள்கண்ணாடியில் தூசி படிந்திருந்தால் நெகட்டிவின் தெளிந்த நிழற்பகுதியிலிருந்து ஒளி சிதறி அடர்ந்த பகுதிக்குள் கசியும். பிரிண்டில் அது வெளிச்சப் பகுதியின் விளிம்பை அழுக்காக்கும். கறுத்த மரக்கிளைக்குப் பின்னால் வெளுத்த வானம் உள்ள நெகட்டிவ் ஒன்றை எடுத்துக்கொண்டுபோய் ஸ்கேன் செய்து பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

முடிவெடுக்கும் முன் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ஒரே நெகட்டிவை இரண்டு வழிகளில் ஸ்கேன் செய்து, இரண்டையும் 30×40 அங்குல அளவுக்கு மாற்றி, நடுவிலிருந்து ஒரு துண்டும் மூலையிலிருந்து ஒரு துண்டும் வெட்டி, நீங்கள் உண்மையில் பயன்படுத்தப்போகும் தாளில் அச்சிடுங்கள். அதற்கு முன் இரண்டின் காண்ட்ராஸ்டையும் சமப்படுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் காண்ட்ராஸ்ட் கூடியதைக் கண் கூர்மையானது என்று தேர்ந்தெடுத்துவிடும். துண்டுகளின் பின்புறத்தில் எது எதிலிருந்து வந்தது என்று பென்சிலால் குறித்துச் சுவரில் மாட்டி, சில நாட்கள் போகவர அவற்றைப் பார்த்துவிட்டு, பிறகு திருப்பிப் பாருங்கள்.